அமைதியான இடத்துக்குப் போகும் முன் போனை என்ன செய்வது? முதல்முறை போகிறவர்களுக்கு

போன வருடம் அக்கா குடும்பத்தோடு மூன்று நாள் ஒரு காட்டோர விடுதியில் தங்கினோம். பக்கத்திலேயே சின்ன ஆறு. இரண்டாம் நாள் காலை கரையில் உட்கார்ந்திருந்தபோது ஆபீசிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. பதில் டைப் செய்து அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். "சித்தி, மீன்கொத்தி மீன் பிடிச்சுதே, பார்த்தீங்களா?" என்று கேட்டாள் அக்கா மகள். நான் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அது அந்தப் பக்கம் வரவும் இல்லை. ஊர் திரும்பி ஸ்கிரீன் டைம் கணக்கைப் பார்த்தபோது, அந்த மூன்று நாளும் தினம் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் போனில் இருந்திருக்கிறேன்.

அடுத்த முறை "போனைத் தொடவே மாட்டேன்" என்று முடிவெடுத்துப் போனேன். மதியத்துக்குள் அந்த முடிவு போய்விட்டது. டிக்கெட் போனில், அலாரம் போனில், டார்ச் போனில், விடுதிக்காரரின் நம்பரும் போனில். தொடாமல் எப்படி இருக்க முடியும்? மூன்றாவது பயணத்தில்தான் விஷயம் பிடிபட்டது. போன் நமக்குச் செய்து தரும் ஒவ்வொரு வேலையையும் கிளம்புவதற்கு முன்பே வேறு பொருளிடமோ வேறு ஆளிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். போய் இறங்கிய பிறகு மன உறுதியை மட்டும் நம்பிப் பயனில்லை. நான் இரண்டு பயணத்தை இழந்து கற்றுக்கொண்டதை வரிசையாகத் தருகிறேன்.

1. ஒரு வாரம் முன்: எதற்கெல்லாம் போனை எடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள்

இரண்டு நாள் போதும். ஒரு துண்டுத்தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போனை எடுக்கும் ஒவ்வொரு முறையும் காரணத்தை ஒரு சொல்லில் எழுதுங்கள். மணி, வழி, அம்மா, சும்மா, இப்படி. எனக்கு முதல் நாள் 43 முறை எழுத வேண்டி வந்தது. அதில் 11 முறை வெறுமனே மணி பார்க்க எடுத்தது.

இந்தப் பதினொன்றுதான் பெரிய பொறி. மணி பார்க்க எடுத்த போன் மணியோடு நிற்பதில்லை. திரையில் ஒரு நோட்டிஃபிகேஷன் இருக்கும், அதைத் தட்டுவோம், பத்து நிமிடம் போயிருக்கும். கடைசியில் மணி என்ன என்று கேட்டால் தெரியாது, திரும்ப எடுப்போம். உங்கள் பட்டியலிலும் இது இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

"சும்மா" என்று எழுதியவற்றைத் தனியாக எண்ணி வையுங்கள். அவற்றுக்கு மாற்றுப் பொருள் கிடையாது. அதைப் பற்றி 7ஆம் படியில் சொல்கிறேன்.

2. ஐந்து நாள் முன்: வேலைகளைக் கைமாற்றுங்கள்

பட்டியலில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பொருளின் பெயர் எழுத வேண்டும்.

மணிக்குச் சாதாரண கைக்கடிகாரம். ஸ்மார்ட் வாட்ச் வேண்டவே வேண்டாம். போனில் வரும் ஒவ்வொரு அதிர்வையும் அது மணிக்கட்டுக்குக் கொண்டுவந்துவிடும். போனைப் பைக்குள் போட்டுவிட்டு வாட்சைக் கட்டிக்கொண்டு போனால் எதையும் விட்டுவிட்டுப் போனதாக ஆகாது.

அலாரத்துக்குப் பேட்டரியில் ஓடும் சின்ன மேஜைக் கடிகாரம். காலையில் கண் விழித்தவுடன் கை முதலில் எதைத் தொடுகிறதோ அதுதான் அந்த நாளின் போக்கைத் தீர்மானிக்கிறது என்பது என் அனுபவம். அதனால் இந்த ஒரு பொருளை மட்டும் மறக்காதீர்கள்.

வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டும் டார்ச். சிவப்பு வெளிச்சம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒரே ஒருமுறை போன் திரையைப் பார்த்தால் பழகியதில் பெரும்பகுதி போய், திரும்பக் காத்திருக்க வேண்டும். மங்கலான சிவப்பு வெளிச்சம் அந்த அளவுக்குக் கெடுப்பதில்லை, ஏனென்றால் இருட்டில் வேலை செய்யும் விழித்திரைச் செல்களுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது.

வழிக்குக் காகித மேப். கிடைக்காத இடமென்றால் கணினியில் எடுத்து அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். திசைகாட்டி கொண்டுபோனால் போனை அதற்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். போனுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் காந்தம் முள்ளைத் திருப்பிவிடும்.

குறிப்பெழுத நோட்டும் பென்சிலும். பேனா வேண்டாம். ஈரத் தாளில் மை பரவும், பென்சில் எழுதும்.

இதற்கெல்லாம் செலவாகுமே என்று கேட்பீர்கள். இவற்றில் பாதி உங்கள் வீட்டு மேஜை டிராயரிலேயே கிடக்கும். மீதியையும் பக்கத்து வீட்டிலோ நண்பரிடமோ இரவல் வாங்கிவிடலாம். எனக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது டார்ச் மட்டும். இதற்காகவே விற்கிற நேரப்பூட்டுப் பெட்டி, போனை அடைத்து வைக்கும் உறை, "டிஜிட்டல் டீடாக்ஸ்" பேக்கேஜ் எதற்கும் முதல் பயணத்தில் பணம் போடாதீர்கள். நான் ஒரு பெட்டி வாங்கினேன். பூட்டிய பிறகுதான் உள்ளே விடுதி முகவரி இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

3. நான்கு நாள் முன்: ஆவணங்களைக் காகிதத்துக்கு மாற்றுங்கள்

பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். நான் இரண்டாவது பயணத்தில் தோற்றதும் இங்கேதான். கீழே உள்ள எல்லாவற்றையும் அச்சிட்டு ஒரே உறையில் வையுங்கள்:

- போக, வர டிக்கெட். கியூஆர் குறி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.
- தங்குமிட முன்பதிவு. முகவரி, தொலைபேசி எண், கடைசி இரண்டு கிலோமீட்டருக்கான வழி மூன்றும் அதில் இருக்க வேண்டும்.
- பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதி என்றால் நுழைவு அனுமதி.
- அடையாள அட்டையின் அசலும் ஒரு நகலும்.
- மருத்துவக் காப்பீட்டு அட்டையின் நகல்.
- ரத்த வகை, ஒவ்வாமை, தினசரி மருந்துகளின் பெயர், அளவு. குழுவில் ஒவ்வொருவருக்கும் தனித் தாள்.
- முக்கியமான ஐந்து நம்பர்கள். இன்று நம்மில் பலருக்கு வீட்டு ஆட்களின் நம்பரே மனப்பாடம் இல்லை.

அனுமதிச் சீட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் அச்சிட்ட தாளை ஏற்பதில்லை, திரையில்தான் காட்ட வேண்டும் என்பார்கள். முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். அப்படியென்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேலரியில் வையுங்கள். வாசலில் நெட்வொர்க் இருக்காது, செயலி திறக்காது, பின்னால் வரிசை நிற்கும். எனக்கு அந்த வாசலில் முக்கால் மணி நேரம் போனது. சிக்னல் தேடி மேடேறியபோது போனை ஆன் செய்தேன், 60 மெசேஜ் கொட்டியது, அன்றைய நாள் அதோடு முடிந்தது.

இன்னொரு பொறி ஓடிபி. தங்குமிடத்துக்கு மீதிப் பணம், வாடகை வண்டிக்குப் பணம் என்று எதையும் அங்கே போய் ஆன்லைனில் கட்ட வைத்துக்கொள்ளாதீர்கள். முன்கூட்டியே கட்டிவிடுங்கள், மீதிக்கு ரொக்கம். சில்லறையாகவும் கொஞ்சம். கரண்ட் பில், கடன் தவணை ஏதாவது அந்தத் தேதிகளில் விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. மூன்று நாள் முன்: ஆட்களிடம் சொல்லுங்கள்

வீட்டில் இருப்பவர்களிடம் "போன் எடுக்கமாட்டேன்" என்று மட்டும் சொன்னால் பயப்படுவார்கள், பயந்தால் அழைத்துக்கொண்டே இருப்பார்கள். அதற்குப் பதில் நேரம் கொடுங்கள்: "தினம் சாயங்காலம் 6 மணிக்கு நானே கூப்பிடுவேன். 8 மணி வரை கூப்பிடலைன்னா விடுதிக்குக் கூப்பிட்டு விசாரிங்க." விடுதி நம்பரையும் எழுதிக் கொடுங்கள். என் அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. நேரம் குறித்துச் சொன்ன பிறகு ஒருமுறைகூட வேறு நேரத்தில் அழைக்கவில்லை.

சிக்னலே இல்லாத இடத்தில் நடக்கப் போகிறீர்கள் என்றால், எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று விடுதியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள்.

ஆபீசில் "லீவில் இருக்கிறேன், அவசரமென்றால் கூப்பிடுங்கள்" என்று எழுதாதீர்கள். எல்லாமே அவசரம்தான் அவர்களுக்கு. உங்கள் வேலையைப் பார்க்கப்போகும் ஒருவரின் பெயரையும், நீங்கள் திரும்பும் தேதியையும் மட்டும் எழுதுங்கள். அந்த ஒருவரிடம் உங்கள் விடுதி எண் இருந்தால் போதும்.

5. முந்தின நாள் இரவு: போனைத் தயார் செய்யுங்கள்

அரை மணி நேர வேலை. அவசரமில்லாமல் செய்யுங்கள்.

போகும் பகுதியின் ஆஃப்லைன் மேப்பை இறக்கிவிட்டு, வீட்டிலேயே ஏரோப்ளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைத்துத் திறந்து பாருங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவது, அதற்கு டவர் தேவையில்லை. இப்போதைய போன்களில் ஏரோப்ளேன் மோடிலும் உங்கள் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளி தெரியும். புள்ளி தெரியவில்லை என்றால் அதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடுவது நல்லது.

போனை ஆன் செய்து வைத்தே ஆக வேண்டியவர்களுக்கு, அதாவது வயதான பெற்றோரையோ சின்னக் குழந்தையையோ வீட்டில் விட்டு வருபவர்களுக்கு, டூ நாட் டிஸ்டர்ப் இருக்கிறது. அதில் இரண்டு மூன்று நம்பரை மட்டும் அனுமதியுங்கள். ஒரே ஆள் அடுத்தடுத்து இருமுறை அழைத்தால் ஒலிக்கவிடும் வசதியும் அதிலேயே இருக்கும்: ஐபோனில் இரண்டாவது அழைப்பு 3 நிமிடத்துக்குள், ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள் வர வேண்டும். இதை வீட்டில் சொல்லிவையுங்கள்.

வாட்ஸ்அப், மெயில், சமூக வலைத்தளச் செயலிகளை அன்றிரவே லாக் அவுட் செய்வதோ நீக்குவதோ உங்கள் விருப்பம். வாட்ஸ்அப்பை நீக்குவதாக இருந்தால் பேக்கப் எடுத்துவிட்டு நீக்குங்கள்.

பேட்டரி பற்றிக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது: சிக்னல் பலவீனமான இடத்தில் போன் டவரைத் தேடித் தேடிக் கூடுதல் சக்தி செலவிடும். காலையில் நூறு சதவீதம் இருந்தது சாயங்காலம் அவசரத்துக்கு உதவாமல் போகலாம். குளிரிலும் லித்தியம் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். அதனால் அணைத்துவிடுங்கள், அல்லது ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். குளிர் இடமென்றால் உடையின் உட்பக்கம் வையுங்கள்.

6. போனை எங்கே வைப்பது

பைக்குள், அடியில், அணைத்து, மழையுறையில் சுற்றி. சட்டைப் பையில் சைலண்டில் வைத்தால் போதுமே என்று கேட்பீர்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் வார்ட் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கிட்டத்தட்ட 800 பேருக்குக் கவனச் சோதனைகள் வைத்தார்கள். சைலண்டில் போட்டு மேஜையில் கவிழ்த்து வைத்தவர்களைவிட, வேறு அறையில் விட்டு வந்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே அதே அளவு வித்தியாசத்தைக் காட்டவில்லை. ஆனால் என் விஷயத்தில் இது நூற்றுக்கு நூறு உண்மை. சட்டைப் பையில் இருக்கும்வரை அதன் கனம் தெரிந்துகொண்டே இருக்கும்.

குழுவாகப் போனால் ஒரே ஒரு போன் "டியூட்டி போன்". முழு சார்ஜ், பவர் பேங்க், அவசர எண்கள் எல்லாம் அதில். தினம் ஒருவர் பொறுப்பு. மற்றவை விடுதி அலமாரியில். எங்கள் குழுவில் எல்லாரையும் இதற்குச் சம்மதிக்க வைத்தது அக்காவின் பத்து வயது மகன், அவனிடம்தான் போன் இல்லை.

அவசர எண்ணைப் பொறுத்தவரை, 112 பல நாடுகளில் செல்லும். போகும் இடத்தில் எந்த எண் என்று பார்த்து உறையின் மேலேயே எழுதுங்கள். உங்கள் சிம் கம்பெனியின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் இருந்தால் அவசர அழைப்பு பெரும்பாலும் அதன் வழியாகப் போகும். எந்த டவரும் எட்டாத இடத்தில் போகாது. அதற்காக ஆளுக்கொரு விசில். மலையேறுகிறவர்களிடையே அறியப்பட்ட ஆபத்து அடையாளம் நிமிடத்துக்கு ஆறு ஊதல், பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. போனைத் தள்ளி வைப்பது வேறு, பாதுகாப்பைத் தள்ளி வைப்பது வேறு. இதில் சமரசம் வேண்டாம்.

7. போய்ச் சேர்ந்த முதல் நாள்: கஷ்டமாக இருக்கும், அது கடந்து போகும்

இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதல் ஒன்றிரண்டு மணி நேரம் கை தானாகப் பைக்குப் போகும். போனே இல்லாத தொடையில் அது அதிர்வது போல இருக்கும். பலருக்கும் வருவதுதான் இது, உங்களுக்கு எதுவும் ஆகிவிடவில்லை. அடுத்து ஒரு சலிப்பு வரும். "என்ன இருக்கிறது இங்கே, ஒன்றுமே நடக்கவில்லையே" என்று தோன்றும். எழுந்து போகாதீர்கள். 1ஆம் படியில் "சும்மா" என்று எழுதினீர்களே, அந்தச் சும்மா எடுத்த தருணங்கள் எல்லாம் இந்தச் சலிப்பிலிருந்து தப்பிக்கத்தான்.

இங்கே ஒன்று கவனியுங்கள். நாம் நடந்து வரும் சத்தத்தில் பறவைகள் அடங்கிவிடும், சின்ன விலங்குகள் ஒளிந்துகொள்ளும். "ஒன்றுமே நடக்கவில்லை" என்று தோன்றுவதற்கு நாம்தான் காரணம். ஒரே இடத்தில் அசையாமல் 20 நிமிடம் உட்காருங்கள். கடிகாரம் கட்டியிருக்கிறீர்கள், பார்த்துக்கொள்ளலாம். முதலில் பூச்சிகள் ஆரம்பிக்கும், பிறகு ஒரு குருவி, பிறகு எல்லா உயிர்களும் நீங்கள் இருப்பதையே மறந்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கும்.

மூன்றாவது பயணத்தில் அதே ஆறு, அதே கல். அக்கா மகள் பக்கத்தில். அரை மணி நேரம் போயிருக்கும். மீன்கொத்தி எதிர்க்கரைக் கிளையில் வந்து உட்கார்ந்தது. தலையைக்கூட ஆட்டாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. விழுந்த வேகத்தில் எனக்கு நீலக்கோடு மட்டும்தான் தெரிந்தது. மீனோடு கிளைக்குத் திரும்பி, அதைக் கிளையில் இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை அடித்தது. மீனைத் திருப்பித் தலைப்பக்கமாக விழுங்கியது. இரண்டாவது மீனை விழுங்கவில்லை. மீனின் தலை வெளிப்பக்கம் பார்க்க அலகில் பிடித்துக்கொண்டு வளைவைத் தாண்டிப் பறந்துவிட்டது. "ஏன் சித்தி சாப்பிடல?" என்று காதுக்குள் கேட்டாள். தலை வெளிப்பக்கமாக இருந்தால் அது இன்னொரு வாய்க்குப் போகிறது, குஞ்சுக்கு, இல்லையென்றால் ஜோடிக்கு. வளைவுக்கு அந்தப்பக்கம் எங்கேயோ கரைப் பொந்தில் கூடு இருந்திருக்க வேண்டும்.

நேரம் விஷயத்தில்: விடியலுக்கு அரை மணி முன்பு உட்காருங்கள், பறவைகள் அதிகம் பாடும் நேரம் அது. மாலையில் திரும்பும் நேரத்தைக் கணக்கிடக் கையை முழுதாக நீட்டி, சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவே எத்தனை விரல் படுக்கையாக அடங்குகிறது என்று பாருங்கள். ஒரு விரலுக்கு ஏறக்குறைய 15 நிமிடம். சூரியனை நேராக வெறித்துப் பார்க்க வேண்டாம்.

8. போட்டோ எடுக்கலாமா?

எடுக்கலாம், கணக்கோடு. லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் போட்டோ எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்த பொருள்களைவிடப் போட்டோ எடுத்தவை குறைவாக நினைவிருந்தன. ஆனால் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தபோது நினைவு குறையவில்லை. எனவே என் விதி: முதலில் ஐந்து நிமிடம் கண்ணால் பார்ப்பது, பிறகு ஒரு படம், ஒரு இலையோ ஒரு கல்லோ, ஏதாவது ஒன்றை மட்டும். தனி கேமரா இருந்தால் அதையே கொண்டுபோங்கள், அதில் மெசேஜ் வராது.

பறவைக் குரலை அடையாளம் காட்டும் செயலிகள் நல்லவை, ஆனால் விடுதிக்குத் திரும்பிய பிறகு பாருங்கள். குரலைப் போனில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கவே கூடாது. தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டது என்று நினைத்து, கூட்டை விட்டுவிட்டு சண்டைக்கு வரும்.

ட்ரோன், புளூடூத் ஸ்பீக்கர் இரண்டும் பையிலேயே ஏற வேண்டாம். பல பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் தடை இருக்கிறது. அமெரிக்க தேசியப் பூங்காக்களில் 2014 முதலே ட்ரோன் பறக்கவிடக் கூடாது. பக்கத்தில் யாராவது பாட்டு போட்டால், "இங்கே பறவைக்காகக் காத்துக்கிட்டிருக்கோம், கொஞ்சம் குறைச்சுக்கிறீங்களா?" என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள். எனக்கு இதுவரை யாரும் மறுத்ததில்லை.

9. மூன்று நாள் லீவு கிடைக்காதவர்களுக்கு

இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரின் விவரங்களை வைத்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருந்தவர்கள், போகவே போகாதவர்களைவிடத் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். ஒரே தடவையாக இருந்தாலும், பல தடவையாகப் பிரித்தாலும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்துப் பூங்கா, ஏரிக்கரை எதுவும் போதும். இதற்கு ஆவணம் வேண்டாம், செலவு இல்லை. கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு, போனை வீட்டில் வைத்துவிட்டு, எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

10. திரும்பிய பிறகு

வண்டியில் ஏறியவுடன் போனை ஆன் செய்யாதீர்கள். வீட்டுக்கு வந்து, பையைப் பிரித்து, துணியைத் துவைக்கப் போட்டுவிட்டு ஆன் செய்யுங்கள். முதலில் தவறிய அழைப்புகள், பிறகு ஆபீஸ் மெயில், குழு மெசேஜ்கள் கடைசியில். அடுத்த நாள் காலை வேலை என்றால் அன்றிரவு ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள்.

படங்களைப் பகிர்வதாக இருந்தால் அதற்கு முன் இட விவரத்தை நீக்கிவிடுங்கள். போன் எடுக்கும் படத்தில் துல்லியமான இடக்குறிப்பு சேர்ந்திருக்கும். கூடு இருக்கும் படம் என்றால் பகிரவே வேண்டாம். நான் அந்த வளைவைப் படம் எடுக்கவில்லை. நோட்டில் பென்சிலால் ஆற்றை வரைந்து, கல் இருக்கும் இடத்தில் அக்கா மகள் ஒரு புள்ளி வைத்திருக்கிறாள். அடுத்த லீவுக்கு அந்தத் தாள்தான் எங்கள் மேப்.